அம்மாவோடு வியன்னாவில் நான்கு நாள்: எதை வெட்டுவது, எதை வைப்பது

கேள்வி இது: செப்டம்பர் கடைசியில் ஒரு வியாழன் மதியம் வியன்னாவில் இறங்குகிறோம், திங்கள் காலை கிளம்புகிறோம். நான், மனைவி, 67 வயது அம்மா. அம்மாவுக்கு முழங்கால் வலி; முட்டைகூடச் சாப்பிடாத சைவம். ஷோன்ப்ரூன் அரண்மனை, ஹால்ஷ்டாட், பிராட்டிஸ்லாவா, ஓப்பரா, மூன்று மியூசியம், ராட்சத ராட்டினம் எல்லாம் பட்டியலில் இருக்கின்றன. முடியுமா? எதை விடலாம்?

முடியும். ஆனால் மூன்றாம் நாள் காலை அம்மா ஓட்டல் அறையை விட்டு வெளியே வரமாட்டார். அதனால் பட்டியலைக் கொஞ்சம் கலைக்கலாம். அம்மாவின் முழங்காலையும் தூக்கத்தையும் வைத்துத் திட்டம் போடுங்கள். உங்களுக்கும் அதுதான் நல்லது என்பது என் அபிப்பிராயம். உட்கார்ந்து பார்க்கவும் உட்கார்ந்து கேட்கவும் இவ்வளவு வசதி செய்து வைத்திருக்கிற ஊர் ஐரோப்பாவில் அதிகம் இல்லை.

முதலில் ஹால்ஷ்டாட்டைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். படத்தில் பார்க்கிற அந்த ஏரிக்கரைக் கிராமம் உண்மையிலேயே அழகுதான். ஆனால் வியன்னாவிலிருந்து ரயிலில் ஒரு வழிக்கே கிட்டத்தட்ட மூன்றரை மணி நேரம். நடுவில் ரயில் மாற வேண்டும். ஹால்ஷ்டாட் நிலையம் ஏரிக்கு எதிர்க்கரையில் இருப்பதால் இறங்கி ஒரு படகும் பிடிக்க வேண்டும். போக வர ஏழு மணி நேரத்துக்கு மேல். நான்கு நாள் பயணத்தில் இது ஒரு முழு நாள். சால்ஸ்பர்க் பக்கம் தனியாக ஒரு பயணம் வாய்த்தால் அப்போது போங்கள். பிராட்டிஸ்லாவா அப்படி இல்லை, ரயிலில் ஒரு மணி நேரம்தான், அதே ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவானது) செல்லும். ஆனாலும் இந்தத் தடவை வேண்டாம். "இன்னொரு நாட்டையும் பார்த்துவிட்டோம்" என்று சொல்லிக்கொள்ளத்தான் பெரும்பாலானோர் அங்கே ஓடுகிறார்கள்.

விசா இன்னும் எடுக்கவில்லை என்றால் அதை முதலில் முடியுங்கள். பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி எல்லை 15 நாள். ஆனால் கோடைக்காலத்தில் நேரம் கிடைப்பதே கஷ்டம், கடைசி எல்லையை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, 2024 ஜூனில் 80-லிருந்து ஏற்றினார்கள். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். அம்மாவின் பாஸ்போர்ட்டை எடுத்துப் பாருங்கள்: திரும்பி வரும் தேதிக்கு அப்புறம் குறைந்தது மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும், பத்து வருடத்துக்குள் வழங்கப்பட்டிருக்க வேண்டும், இரண்டு பக்கமாவது காலியாக இருக்க வேண்டும்.

தங்குமிடம் தேடும்போது ஒரு சின்ன வித்தை கைகொடுக்கும். வியன்னா 23 வட்டங்களாகப் பிரிக்கப்பட்ட நகரம். நான்கு இலக்க பின்கோடில் நடு இரண்டு இலக்கம்தான் வட்டத்தின் எண். 1010 என்றால் முதல் வட்டம், அதாவது பழைய நகரின் நடு. 1040 நான்காவது, 1070 ஏழாவது, 1100 பத்தாவது. "நகர மையத்துக்கு அருகில்" என்று விளம்பரம் என்ன சொன்னாலும் பின்கோடைப் பார்த்துவிடுங்கள். முதல் வட்டத்தில் விலை கடிக்கும். உங்களுக்கு நான் சொல்வது நான்காவது வட்டம், வீடன் என்று பெயர். கார்ல்ஸ்ப்ளாட்ஸ் நிலையம் பக்கத்தில், யூ1, யூ2, யூ4 என்று மூன்று மெட்ரோ வழிகள் அங்கே சந்திக்கின்றன, நாஷ்மார்க்ட் சந்தையும் ஓப்பராவும் நடக்கிற தூரம். அங்கே கிடைக்கவில்லை என்றால் மூன்றாவது அல்லது ஏழாவது.

அப்புறம் ஒன்று, இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அப்பார்ட்மென்ட் எடுத்தால் அது பழைய கட்டடமா என்று கேளுங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு வியன்னா வீடுகளில் தரைத்தளத்துக்கும் முதல் மாடிக்கும் நடுவே "ஹோக்பார்ட்டேர்", "மெட்சனீன்" என்று ஒன்றிரண்டு தளங்கள் ஒளிந்திருக்கும். முதல் மாடி என்று நம்பிப் போனால் நம் கணக்குக்கு அது மூன்றாவது மாடி. லிஃப்ட் இருந்தாலும் தெருவிலிருந்து ஏழெட்டுப் படி ஏறித்தான் லிஃப்டின் வாசலையே அடைய வேண்டிய வீடுகள் உண்டு. "லிஃப்ட் உண்டா" என்று கேட்டால் "உண்டு" என்றுதான் பதில் வரும். "தெருவிலிருந்து லிஃப்ட் வரை எத்தனை படி" என்று கேளுங்கள்.

விமான நிலையத்தில் எல்லைச் சோதனையில் முதல்முறை நுழைபவர்களிடம் விரல்ரேகையைச் சரிபார்த்து முகப்படம் எடுக்கிறார்கள். 2025 அக்டோபரில் தொடங்கிய ஐரோப்பிய ஏற்பாடு இது. வரிசை நீளமாக இருக்கலாம், அம்மாவுக்கு விமான நிறுவனத்திடம் சக்கர நாற்காலி முன்பே சொல்லிவைத்தால் நிற்கிற பாடு மிச்சம். வெளியே வந்ததும் பச்சை நிறத்தில் ஒரு விரைவு ரயிலின் விளம்பரம் திரும்பிய இடமெல்லாம் கண்ணில் படும். 16 நிமிடத்தில் ஊருக்குள் கொண்டுபோய் விடும் என்பது உண்மைதான். ஆனால் சாதாரண ரயிலும் கால் மணி நேரத்தில் ஹவுப்ட்பான்ஹோஃப் எனப்படும் மத்திய நிலையத்துக்குப் போகிறது, விலை அதில் ஒரு சிறு பங்கு. அங்கிருந்து யூ1-இல் இரண்டாவது நிறுத்தம் கார்ல்ஸ்ப்ளாட்ஸ். விமான நிலையம் நகர எல்லைக்கு வெளியே இருப்பதால் நகர டிக்கெட் மட்டும் போதாது, எல்லை வரைக்கும் கூடுதலாக ஒரு சின்ன டிக்கெட் வாங்க வேண்டும்.

நகருக்குள் மெட்ரோ, டிராம், பஸ் எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட். தினசரி டிக்கெட் நான்கு வாங்குவதைவிட வார டிக்கெட் ஒன்று மலிவு. சுற்றுலா அட்டைகள் தரும் தள்ளுபடியைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் உங்கள் திட்டத்துக்குப் பெரும்பாலும் கட்டாது. மெட்ரோ நிலையத்தில் தடுப்புக் கதவே இருக்காது, நேரே உள்ளே நடந்து போகலாம். அதனால் டிக்கெட்டே பார்க்க மாட்டார்கள் என்று நினைக்காதீர்கள். மஃப்டியில் பரிசோதகர்கள் வருவார்கள், அபராதம் நூறு யூரோவுக்கு மேல். காகித டிக்கெட் என்றால் நுழைவாயிலில் இருக்கிற நீலப் பெட்டியில் செருகி முத்திரை குத்த வேண்டும். குத்தாத டிக்கெட் கையில் இருந்தாலும் இல்லாத மாதிரிதான்.

சரி, நாட்களுக்கு வருவோம். செப்டம்பரில் நமக்கும் வியன்னாவுக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம். அங்கே மாலை ஏழு என்றால் உடம்புக்கு இரவு பத்தரை. அங்கே விடிகாலை நான்கு என்றால் நமக்கு ஏழரை, அம்மா எழுந்து உட்கார்ந்துகொண்டு காபி எங்கே என்று கேட்பார். முதல் இரண்டு நாள் இதை எதிர்த்துச் சண்டை போடாமல் பயன்படுத்திக்கொள்ளுங்கள். காலையில் பெரிய வேலை, மதியம் தூக்கம், மாலையில் உட்காரும் வேலை ஒன்று.

வியாழன் மாலை எங்கும் நுழையாதீர்கள். ஷ்வார்ட்சன்பெர்க்ப்ளாட்ஸில் "டி" என்று எழுதிய டிராமில் நுஸ்டோர்ஃப் திசையில் ஏறி, ஜன்னல் ஓரம் உட்காருங்கள். டிராம்கள் பெரும்பாலும் தாழ்தள வண்டிகள், நடைமேடையிலிருந்து ஒரு சின்ன அடிதான். 1857-இல் பேரரசர் ஃப்ரான்ஸ் யோசஃப் நகரத்தின் கோட்டைச் சுவர்களை இடிக்கச் சொல்லி ஆணையிட்டார். சுவர் நின்ற இடத்தில் எழுந்ததுதான் ரிங் என்கிற வட்டச் சாலை, 1865-இல் திறந்தார்கள். அடுத்த முப்பது நாற்பது வருடத்தில் அதன் இரு பக்கமும் கட்டிக் குவித்ததை இந்த டிராம் வரிசையாகக் காட்டிக்கொண்டே போகும். ஓப்பராவும் ஹோஃப்பர்க் அரண்மனையும் வலப்பக்கம். இரட்டை மியூசியங்கள், கிரேக்கக் கோயில் போன்ற பாராளுமன்றம், கோதிக் கோபுரத்தோடு நகர மண்டபம், பல்கலைக்கழகம் எல்லாம் இடப்பக்கம். எனவே இடப்பக்க இருக்கை. ஷொட்டன்டோரில் இறங்கி எதிர்த் திசை டிராமில் திரும்பிவிடுங்கள், இந்தத் தடவை விட்டுப்போன பக்கம் கண்ணில் படும். ரிங் சாலையைப் பார்க்க வழிகாட்டியோடு போகும் சுற்றுலா வண்டிக்குத் தனியாகக் காசு கொடுக்கத் தேவையே இல்லை.

வெள்ளிக்கிழமை ஷோன்ப்ரூன். தோட்டம் காலை ஆறரைக்கே திறக்கும், நுழைவு இலவசம். நான்கு மணிக்கே விழித்துக்கொண்ட குடும்பத்துக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. ஏழு மணிக்கு அங்கே ஓட்டப் பயிற்சி செய்யும் உள்ளூர்க்காரர்களும் அணில்களும்தான் இருப்பார்கள்; பத்து மணிக்கு அப்புறம் அதே இடம் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கும் கூட்டத்தால் நிறைந்துவிடும். அரண்மனைக்கு உள்ளே போக நேரம் குறித்த டிக்கெட் வேண்டும், காலையில் கிடைக்கிற முதல் நேரத்தை அவர்களுடைய சொந்தத் தளத்திலேயே இப்போதே வாங்கிவிடுங்கள். மொத்தம் 1,441 அறைகள் என்று படித்துவிட்டுப் பயப்பட வேண்டாம், பார்வைக்கு நாற்பது அறைதான். 1762-இல் ஆறு வயது மோட்சார்ட் பேரரசி மரியா தெரேசா முன்னால் வாசித்தது இந்த அரண்மனையில்தான். பின்னால் மேட்டின் உச்சியில் தெரியும் குளோரியட் மண்டபம் 1775-ஐச் சேர்ந்தது. அங்கிருந்து நகரம் முழுக்கத் தெரியும், ஆனால் சரிவு முழங்காலுக்கு ஆகாது. தோட்டத்தைச் சுற்றி ஒரு குட்டி ரயில் வண்டி ஓடுகிறது, அம்மாவை அதில் ஏற்றுங்கள். விலங்குக் காட்சிசாலை அதே வளாகத்தில்தான், 1752-இல் தொடங்கி இன்னும் நடக்கிறது, உலகில் இயங்கிவருபவற்றில் மிகப் பழையது. குழந்தைகள் இல்லாததால் அதை விட்டுவிடலாம்.

மதியம் தூங்கி எழுந்தால் மாலை ஓப்பரா. ஸ்டாட்ஸ்ஓப்பர் என்கிற அரசு ஓப்பரா அரங்கம் 1869-இல் திறந்தது. 1945 மார்ச்சில் குண்டு விழுந்து எரிந்தது. மீண்டும் கட்டி 1955 நவம்பரில் பீத்தோவனின் ஃபிடேலியோவோடு திறந்தார்கள். ஜூலை, ஆகஸ்ட்டில் அரங்கம் மூடியிருக்கும், நீங்கள் போவது செப்டம்பர் என்பதால் பிழைத்தீர்கள். நல்ல இருக்கை நூறு, இருநூறு யூரோவைத் தாண்டும். மலிவான வழி நின்று பார்ப்பது. அன்றைய நிகழ்ச்சிக்கான நிற்கும் டிக்கெட்டை அன்றைக்கே விற்பார்கள், இருக்கை விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. உள்ளே போனதும் உங்களுக்கு முன்னால் இருக்கிற கம்பியில் ஒரு துப்பட்டாவையோ கைக்குட்டையையோ கட்டிவிட்டால் அந்த இடம் உங்களுடையது, வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாலும் யாரும் தொட மாட்டார்கள். எழுதாத சட்டம், ஆனால் கோர்ட்டுச் சட்டத்தைவிடக் கண்டிப்பாக மதிக்கிறார்கள். ஒவ்வொரு இடத்துக்கும் எதிரில் குட்டித் திரை ஒன்று இருக்கும், ஆங்கிலத்தில் வசனம் ஓடும்.

அம்மாவால் மூன்று மணி நேரம் நிற்க முடியாது. அவருக்கு வழி அரங்கத்துக்கு வெளியே இருக்கிறது. செப்டம்பரில் உள்ளே நடக்கும் பல நிகழ்ச்சிகளை, பக்கவாட்டில் இருக்கும் காரயன் சதுக்கத்தில் பெரிய திரை வைத்து நேரடியாகக் காட்டுகிறார்கள். நாற்காலி போட்டிருப்பார்கள், காசு கிடையாது. அரை மணி நேரம் முன்னால் போய் இடம் பிடியுங்கள். சால்வை ஒன்று வேண்டும், செப்டம்பர் கடைசியில் இரவு குளிரும். ஓப்பரா பழக்கமே இல்லாதவர்களுக்கும் இதுதான் சரியான அறிமுகம் என்று நினைக்கிறேன்: பிடிக்கவில்லை என்றால் முதல் இடைவேளையில் எழுந்து போய்விடலாம், மனசாட்சி உறுத்தாது. ஒரு எச்சரிக்கை. தேவாலயம், ஓப்பரா பக்கத்தில் எல்லாம் வெள்ளை டோப்பாவும் ஜரிகை அங்கியும் போட்டுக்கொண்டு மோட்சார்ட் வேஷத்தில் டிக்கெட் விற்பவர்கள் வழிமறிப்பார்கள். அவர்கள் விற்பது சுற்றுலாப் பயணிகளுக்கென்றே நடத்தப்படும் கச்சேரிகளுக்கு. அரசு ஓப்பராவுக்கு அல்ல. புன்னகைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.

சனிக்கிழமைக்கு மூன்று மியூசியம் எழுதியிருக்கிறீர்கள். ஒன்றே ஒன்று வையுங்கள், அது குன்ஸ்ட்ஹிஸ்டோரிஷெஸ் மியூசியமாக இருக்கட்டும். 1891-இல் திறந்த கலை வரலாற்று அருங்காட்சியகம், ரிங் சாலையில் டிராமில் பார்த்த இரட்டைக் கட்டடங்களில் ஒன்று. இதைச் சொல்லக் காரணம் இரண்டு. ஒன்று, ஓவியக் கூடங்களின் நடுவே மெத்தை சோஃபாக்கள் போட்டிருக்கிறார்கள். அம்மா உட்கார்ந்தபடியே பார்க்கலாம். இரண்டு, ப்ரூகல்.

பதினாறாம் நூற்றாண்டு ஃப்ளாண்டர்ஸ் ஓவியர் பீட்டர் ப்ரூகலின் ஓவியங்கள் உலகத்தில் அதிகமாகச் சேர்ந்திருப்பது இந்த ஒரே அறையில்தான். பாபேல் கோபுரம் 1563-இல் வரைந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் மேகத்தைத் தொடும் பெரிய கட்டடம். கிட்டே போனால் சுண்ணாம்பு கொட்டுகிறவர், கல் ஏற்றும் பாரந்தூக்கி, அதை இயக்கச் சக்கரத்துக்குள் நடக்கும் மனிதர்கள், இடது மூலையில் ராஜா வந்துவிட்டார் என்று மண்டியிடும் கல்தச்சர்கள் என ஒரு முழுக் கட்டுமானத் தளமே தெரியும். பக்கத்தில் 1565-இன் பனியில் வேடர்கள். மூன்று பேரும் நாய்க் கூட்டமும் வேட்டையிலிருந்து தளர்ந்து திரும்புகிறார்கள், ஒரே ஒரு நரிதான் கிடைத்திருக்கிறது; கீழே உறைந்த குளத்தில் ஊரே சறுக்கி விளையாடுகிறது. குடியானவர் கல்யாணம் என்ற படத்தைப் பார்த்தால் அம்மாவுக்கு விளக்கமே தேவைப்படாது. கழற்றிய கதவுப் பலகையில் தட்டுகளை அடுக்கித் தூக்கிவந்து பந்தி பரிமாறுகிறார்கள். மணப்பெண் ஒன்றும் சாப்பிடாமல் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இந்த அறையில் ஒரு மணி நேரம் இருங்கள். மற்ற அறைகளில் பாதியை விட்டாலும் பரவாயில்லை. படிக்கட்டில் ஏறும்போது மட்டும் அண்ணாந்து பாருங்கள், தூண்களுக்கு நடுவே இருக்கும் ஓவியங்களில் சில வியன்னா ஓவியர் கிளிம்ட் தன் இளமையில் வரைந்தவை. (லிஃப்டும் உண்டு. அம்மா அதில் போகட்டும்.) மாடிக் குவிமாடத்துக்குக் கீழேயே காபிக் கடை. ஒரு முக்கியமான விஷயம்: கோடை மாதங்களைத் தவிர இந்த மியூசியத்துக்குத் திங்கள் விடுமுறை. வியன்னாவில் மியூசியத்துக்கு மியூசியம் விடுமுறை நாள் மாறும், நாளை முடிவு செய்யும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிளிம்ட்டின் முத்தம் ஓவியத்தைப் பார்க்காமல் வரமாட்டேன் என்று மனைவி சொன்னால் அது இருக்கும் மேல் பெல்வெடேர் அரண்மனை மியூசியத்துக்கு அவர் மட்டும் போய்வரட்டும், அதே டி டிராம் வாசலில் நிற்கும். அந்த நேரம் நீங்கள் அம்மாவோடு காபிக் கடையில் இருக்கலாம். கஃபே சென்ட்ரல் வாசலில் எப்போதும் வரிசை நிற்கும், அது வேண்டாம். ஆறாவது வட்டத்தில் 1880 முதல் இருக்கும் ஷ்பேர்ல், இல்லை ஸ்டூபன்ரிங்கில் இருக்கும் ப்ருக்கல் போதும். மெலாஞ்ச் என்று கேட்டால் நுரை பொங்கும் பால் காபி வரும். வெள்ளித் தட்டில், பக்கத்திலேயே ஒரு கிளாஸ் தண்ணீரோடு. ஒரு காபியை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்காரலாம், யாரும் கிளம்பச் சொல்ல மாட்டார்கள். ஆனால் நீங்கள் கேட்காமல் பில்லும் வராது. "ட்சாலன் பிட்டே" என்று சொல்லுங்கள். பில்லுக்கு மேல் ஐந்து முதல் பத்து சதவீதம் சேர்த்துக் கொடுப்பது வழக்கம், மேஜையில் விட்டுவிட்டு வராமல் பணம் கொடுக்கும்போதே மொத்தத் தொகையைச் சொல்லிவிட வேண்டும். பழைய கடைகளில் சிலவற்றில் ரொக்கம்தான், கையில் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள். பொதுக் கழிப்பறைக்கு அரை யூரோ கேட்பார்கள் என்பதையும் சேர்த்துக்கொண்டால் காபிக் கடை லாபம்தான்.

சாப்பாடு. அம்மா விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டியது சூப்பில். மெனுவில் காய்கறியும் தோசைக் கீற்றும் மட்டும் போட்ட சூப்பாகத் தெரியும், ஆனால் வியன்னா சூப் பெரும்பாலும் மாட்டிறைச்சி வேகவைத்த சாறு. உருளைக்கிழங்கு சாலட்டில்கூட அந்தச் சாறைத்தான் ஊற்றுவார்கள். "வெகெட்டாரிஷ்?" என்று மட்டும் கேட்டால் சில சமயம் இது நழுவிவிடும், "ஓனே ரிண்ட்சுப்பே" என்று சேர்த்துச் சொல்லுங்கள், மாட்டுச் சாறு வேண்டாம் என்று புரியும். முட்டைக்கு இன்னும் சுலபமான வழி இருக்கிறது. ஒவ்வாமை விவரம் தர வேண்டும் என்ற சட்டத்தால் பல உணவகங்கள் மெனுவில் ஒவ்வொரு பண்டத்தின் பக்கத்திலும் ஆங்கில எழுத்துகளைப் போடுகின்றன. ஏ என்றால் கோதுமை போன்ற தானியம், சி என்றால் முட்டை, ஜி என்றால் பால். சி இல்லாத பண்டமாகப் பாருங்கள். கைசர்ஷ்மாரன் என்கிற பெயர்பெற்ற இனிப்பு அப்பத்தில் முட்டை நிறைய, அதை நீங்களும் மனைவியும் பகிர்ந்துகொள்ளுங்கள். பாலாடைக்கட்டி நூடுல்ஸும் அப்படியே. சனிக்கிழமை மதியம் நாஷ்மார்க்டில் அம்மாவுக்குப் பிரச்சினையே வராது: ஃபலாஃபெல், ஹம்முஸ், ஆலிவ், பழங்கள் என்று கடைக்குக் கடை நீட்டிச் சுவைக்கக் கொடுப்பார்கள். வாங்குவதற்கு முன் விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள், நூறு கிராமுக்குச் சொல்வதைக் கிலோவுக்கு என்று நினைத்துத் தலையாட்டிவிடக் கூடாது. சனிக்கிழமை மட்டும் சந்தையின் கடைசியில் பழைய சாமான் கடைகளும் விரிப்பார்கள். தண்ணீர் பாட்டில் வாங்கவே வேண்டாம். 1873 முதல் ஆல்ப்ஸ் மலை ஊற்றிலிருந்து குழாய் வழியாக வரும் தண்ணீர்தான் வியன்னாவின் குழாய்த் தண்ணீர், ஓட்டல் குழாயிலேயே பிடித்துக் குடிக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். சூப்பர் மார்க்கெட், துணிக்கடை, நாஷ்மார்க்ட் எல்லாமே. பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கும் மளிகைக் கடைகள்தான் திறந்திருக்கும். வாங்க வேண்டியதைச் சனி மாலைக்குள் வாங்கிவிடுங்கள், திங்கள் காலை கிளம்புகிறவர்களுக்கு அதற்கப்புறம் வாய்ப்பில்லை.

ஆனால் ஞாயிறு காலைதான் என் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஹோஃப்பர்க்கை ஒட்டிய அகஸ்டீனியர் தேவாலயத்தில் பதினொரு மணிப் பூசையில் ஹைடன், மோட்சார்ட், ஷூபர்ட் போன்றவர்களின் பூசை இசையைப் பாடகர் குழுவும் வாத்தியக்காரர்களும் சேர்ந்து முழுதாக இசைக்கிறார்கள். டிக்கெட் இல்லை, தட்டு வரும், விருப்பப்பட்டதைப் போடலாம். வழிபாடுதான் முதலில் என்பதால் நடுவில் எழுந்து படம் எடுக்க வேண்டாம். கச்சேரி அரங்கத்தில் உட்கார்ந்து கேட்பது ஒரு அனுபவம். எந்த இடத்துக்கென்று எழுதினார்களோ அந்த இடத்திலேயே, மணியும் சாம்பிராணிப் புகையும் நடுவே கேட்பது வேறு. புகழ்பெற்ற சிறுவர் பாடகர் குழுவும் அரண்மனைச் சிற்றாலயத்தில் ஞாயிறு காலை பாடுகிறது, ஆனால் அதற்கு முன்பதிவு வேண்டும், சில இருக்கைகளிலிருந்து சிறுவர்களைப் பார்க்கவே முடியாது.

அங்கிருந்து பத்து நிமிடம் மெதுவாக நடந்தால் ஸ்டெஃபான் தேவாலயம். தெற்குக் கோபுரம் 136 மீட்டர், 343 படி, சுழல் படிக்கட்டு. நீங்கள் ஆசைப்பட்டால் ஏறுங்கள். அம்மாவுக்கு வடக்குக் கோபுரத்தில் லிஃப்ட் இருக்கிறது, அது பும்மெரின் என்கிற இருபது டன் மணிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விடும். பழைய மணி 1683 முற்றுகைக்கு அப்புறம் துருக்கியர் விட்டுப்போன பீரங்கிகளை உருக்கி 1711-இல் வார்த்தது. 1945 தீயில் விழுந்து உடைந்தது. அந்த உலோகத்தைக் கொண்டே 1951-இல் மறுபடி வார்த்தார்கள்.

மதியம் யூ4-இல் கடைசி நிறுத்தமான ஹைலிகன்ஸ்டாட். நிலையத்துக்கு எதிரே ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளமாக ஒரே கட்டடம் நிற்கும். கார்ல் மார்க்ஸ் ஹோஃப், 1927 முதல் 1930 வரை நகராட்சி தொழிலாளர்களுக்காகக் கட்டிய 1,382 வீடுகள். அரண்மனைகளைப் பார்த்துச் சலித்த கண்ணுக்கு இது தேவை. இன்றைக்கும் வாடகை வீட்டுக்காரர்கள் குடியிருக்கிறார்கள், உள்முற்றத்தில் துணி காயும். அங்கிருந்து 38ஏ பஸ் காலென்பெர்க் மலைக்கு ஏறும், உங்கள் வார டிக்கெட்டே செல்லும். உயரம் 484 மீட்டர். முற்றுகையை முறித்த படை 1683-இல் இறங்கியது இந்தச் சரிவிலிருந்துதான். கீழே திராட்சைத் தோட்டம், அப்புறம் டான்யூப், அப்புறம் முழு நகரம். ஹால்ஷ்டாட்டுக்குப் பதிலாக நான் கொடுப்பது இது.

இறங்கி வரும்போது நுஸ்டோர்ஃப் பக்கம் ஹொய்ரிகர் ஒன்றில் உட்காருங்கள். ஒயின் விளைவிப்பவரே தன் வீட்டு முற்றத்தில் பெஞ்சு போட்டு விற்கும் இடம். 1784-இல் பேரரசர் இரண்டாம் யோசஃப் கொடுத்த அனுமதியிலிருந்து வரும் வழக்கம். வாசலில் பைன் கிளைக் கொத்து தொங்கினால் திறந்திருக்கிறது என்று அர்த்தம். உள்ளே கண்ணாடி அலமாரியில் ரொட்டி, மிளகாய்த்தூள் கலந்த பாலாடைக்கட்டிப் பூச்சு, ஊறுகாய்க் காய்கள் என்று வைத்திருப்பார்கள். விரலால் காட்டி வாங்கலாம் என்பதால் அம்மாவுக்கும் வசதி. அவருக்குத் திராட்சைச் சாறு. உங்களுக்கு, செப்டம்பர் கடைசி என்பதால், ஷ்டுர்ம் கிடைக்கும்: பாதி புளித்த, இன்னும் நுரைத்துக்கொண்டிருக்கும் புது ஒயின், கலங்கலாக இருக்கும். அது பாட்டிலுக்குள்ளேயே பொங்கிக்கொண்டிருப்பதால் மூடியை இறுக்க மாட்டார்கள், படுக்கவைத்தால் ஒழுகிவிடும். ஊருக்கு எடுத்துவர நினைக்காதீர்கள். இனிப்பாக இருப்பதால் எத்தனை கிளாஸ் போயிற்று என்று தெரியாது, பார்த்துக் குடியுங்கள். நுஸ்டோர்ஃபிலிருந்து அதே டி டிராம் நேராக ரிங் சாலைக்குத் திரும்பும்.

ராட்சத ராட்டினத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 1897-ஐச் சேர்ந்தது, 65 மீட்டருக்குச் சற்றே குறைவு, மெதுவாகச் சுற்றும், மரப் பெட்டிக்குள் நின்றுகொண்டு பார்க்கலாம். வெள்ளி மாலை ஓப்பரா வேண்டாம் என்று முடிவானால் அங்கே போங்கள். இரண்டையும் ஒரே மாலையில் வைக்காதீர்கள்.

இப்போது கையோடு செய்ய வேண்டியது மூன்றுதான்: விசா நேரம், தெருவிலிருந்து படி எத்தனை என்று கேட்டு ஓட்டல், ஷோன்ப்ரூனின் முதல் நேர டிக்கெட். சதுக்கத்துத் திரையில் எந்தெந்த நாள் காட்டுகிறார்கள் என்பது ஓப்பராவின் நிகழ்ச்சிப் பட்டியலிலேயே இருக்கும். வெள்ளிக்கிழமை இல்லை என்றால் சனிக்கிழமைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மற்ற எதற்கும் முன்பணம் கட்ட வேண்டாம். மழை வந்தால் ஞாயிறு மதியத்தையும் சனி காலையையும் இடம் மாற்றிப் போட அது உதவும்.